ஒரகடம்: மயக்கத்துக்கு மனம்தான் காரணமா?

சென்னைக்கு அருகே தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடத்துக்கு யாரும் சுற்றிப் பார்க்கப் போவதில்லை. நானும் அழைப்பின் பேரில்தான் போனேன். திருச்சியில் ஒரு கல்லூரியில் உளவியல் வரலாறு நடத்துகிறேன். சென்ற ஜூலையில், ஒரகடத்தில் மின்னணு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை, தன் பெண் தொழிலாளர்களுக்கு ‘மனவலிமை’ பற்றிப் பேசக் கூப்பிட்டது. காரணம் சொல்லவில்லை. இதேபோலப் பேசப் போகும் மற்ற உளவியல் ஆசிரியர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

காலை ஐந்தரைக்குத் தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கினேன். படப்பை வழியாகப் போகும் பேருந்தில் ஒரகடம் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். ஷிப்ட் பேருந்துகள் சாலையை அடைத்துக்கொள்வதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கூட்டுரோட்டிலிருந்து ஆட்டோ.

போகவேண்டிய இடத்தைச் சொன்னதும் ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “அங்கியா மேடம்? பொண்ணுங்க மயங்கி மயங்கி வுழுதுன்னு பேசிகினுகீறாங்க. காத்து கருப்பு அடிச்சிடுச்சாம்” என்றார். எதற்காக என்னை அழைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

மனிதவள மேலாளர் எதையும் மறைக்கவில்லை. ஒரே பிரிவில் ஒரு மாதமாகப் பெண்கள் மயங்கி விழுகிறார்களாம். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லையாம். எல்லாம் ஊரை விட்டு வந்த பிள்ளைகள், ஒருத்தி விழுந்தால் அதைப் பார்த்து மற்றவளும் விழுகிறாள் என்றார். “பாடில ஒண்ணும் இல்ல மேடம். எல்லாம் மைண்டுதான்.”

இந்தப் பேச்சின் பூர்வீகம் எனக்குத் தெரியும். சுமார் நானூறு ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சு மெய்யியலாளர் ஒருவர், உடல் ஓர் இயந்திரம், மனம் முற்றிலும் வேறு என்றார். அந்தத் துணிச்சல்தான் நோய்க்குப் பேயைத் தேடாமல் நரம்பையும் இதயத்தையும் ஆராய வழிவிட்டது. என் துறையின் வேர்களில் ஒன்றும் அங்கேதான் இருக்கிறது. வகுப்பில் இதைப் பெருமையாகச் சொல்வேன். அந்தப் பிரிவினையை ஒரகடத்தில் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் பாருங்கள்! ஓவர்டைம் பார்க்கும்வரை அவள் இயந்திரம். கீழே விழுந்துவிட்டால் அவள் வெறும் மனம். ஆட்டோக்காரர் சொன்ன காத்து கருப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலுமே யாரும் அந்த இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

அந்தப் பிரிவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அனுமதி இல்லை என்றார்கள்.

கேன்டீனில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எதனால் மயக்கம் வருகிறது என்று நினைக்கிறீர்கள் என்று அவர்களிடமே கேட்டேன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த செல்வி எழுந்தாள். இரண்டு முறை விழுந்தவள்.

“மனசுல என்ன இருக்குன்னு எல்லாரும் கேக்காவ மேடம். மூக்குல என்ன ஏறுதுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டேங்காவ.”

பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் சிரித்தார். கொண்டுபோன படங்களை மூடிவிட்டு, அங்கிருந்த எழுதுபலகையின் நடுவே ஒரு கோடு போட்டேன். அந்தப் பிரெஞ்சுக்காரரின் காலத்தை ஒட்டி இங்கிலாந்தில் இன்னொருவர் அறிவியலுக்கு ஒரு வழி சொன்னார்: ஒன்று எங்கே நடக்கிறது, எங்கே நடக்கவில்லை என்று எதிரெதிரே வைத்துப் பார், உன் மனம் நம்ப விரும்புவதைச் சந்தேகி. அதைத்தான் அன்று செய்தோம்; பெண்கள் சொல்லச் சொல்லக் கோட்டின் இருபுறமும் எழுதினேன். விழுந்தவர்கள் எல்லோரும், மின்சுற்று அட்டைகளை ஒரு திரவத்தால் துடைக்கும் மேசைகளில் வேலை செய்தவர்கள். பேக்கிங்கில் ஒருவருக்கும் மயக்கம் இல்லை. அவர்களும் அதே விடுதியில் தங்குபவர்கள், விழுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தவர்கள். மயக்கம் தொடங்குவதற்குச் சற்று முன்புதான் திரவத்தை மாற்றியிருக்கிறார்கள். அங்கே காற்றை வெளியே இழுக்கும் விசிறியும் ஓடவில்லை.

இது நிரூபணம் ஆகாது, ஆனால் மனத்தைக் குற்றம் சொல்வதற்கு முன் இதைச் சோதித்தே ஆகவேண்டும் என்றேன். மேலாளர் மைக்கை அணைத்தார்.

“டாபிக்க மட்டும் பேசுங்க மேடம்.”

“இதுதான் சார் டாபிக். இப்படிக் கேக்கக் கத்துக்கிட்ட பிறகுதான் எங்க படிப்பே படிப்பாச்சு.”

நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். அன்றே தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். சில வாரங்கள் கழித்துச் செல்வி போன் செய்தாள். பழைய திரவம் திரும்பி வந்துவிட்டது, விசிறி ஓடுகிறது, யாரும் விழுவதில்லை என்றாள். அதே வாரம் நிறுவனத்திடமிருந்து நன்றி மின்னஞ்சலும் வந்தது: தங்கள் மனவலிமை உரைக்குப் பின் மயக்கம் முற்றிலும் நின்றுவிட்டதாம்! காரணம் என் உரை அல்ல, உங்கள் விசிறி என்று பதில் போட்டேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஷிப்ட் மாறும் நேரத்தில் அந்தச் சாலையில் போகாதீர்கள். திரும்பும்போது ஸ்ரீபெரும்புதூர் வழியாக வந்தால் தண்டலம் பக்கம் மாலையில் வண்டி நகராது. குடிநீர் கொண்டுபோங்கள். மனத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால், முதலில் வேலை நடக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அங்கே தேவைப்படுவது உங்கள் படிப்பு அல்ல, உங்கள் முத்திரை.

செல்வியின் ஒப்பந்தத்தை அவர்கள் புதுப்பிக்கவில்லை. மனவலிமை போதாது என்று காரணம் எழுதியிருக்கிறார்கள். இப்போது குன்றத்தூரில் தோழிகளின் அறையில் தங்கி வேறு வேலை தேடுகிறாள். கடைசியாகப் பேசியபோது அவள் அழவில்லை. “எனக்கு மனசு சரியில்லன்னு எழுதிட்டாவ மேடம். அத இனி யாரு அழிப்பா?” என்று மட்டும் கேட்டாள்.