காதைப் பார்க்காமல் செய்த தோடு

மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையைத் தாண்டும்போது இன்றும் என் கால் தயங்கும். பழைய செம்புக் கம்பியை எரிக்கும்போது வரும் வார்னிஷ் வாடைதான் காரணம். நேற்று வீட்டு மோட்டாரைப் பழுதுக்குக் கொடுக்கப் போனவள், கீழே கிடந்த ஒரு முழம் கம்பியைக் கேட்டு வாங்கி வந்தேன். எதற்கு என்று கடைக்காரர் கேட்கவில்லை, நல்லவேளை.

ஒரு காலத்தில் அந்த வாடை என் விரலிலேயே இருந்தது. காங்கேயம் பக்கம் பெரியப்பாவின் காட்டில் மழை ஓய்ந்தால் மண்ணுக்கு மேலே கல் மினுங்கும். பால் கலந்த தண்ணீர் போன்ற சந்திரகாந்தக் கல்லாகப் பொறுக்கி, செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றித் தோடாக்குவேன். இறுக்கினால் கல் நழுவும், தளர்த்தினால் ஆடும். கல்லைவிடப் பிடிவாதம் பிடிப்பது உலகத்தில் இல்லை என்று நினைத்திருந்தேன். அது பனியன் கம்பெனிக்குப் போவதற்கு முன்பு.

நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் பேக்கிங் வேலை. துணிக்குள் உடைந்த ஊசி இருந்தால் கத்துகிற மெஷின் அங்கே உண்டு. அதனால் நம் மேல் பொட்டு உலோகம் இருக்கக் கூடாது. "தோடு, வளையலெல்லாம் கழட்டிருங்க கண்ணு" என்று சூப்பர்வைசர் அக்கா தினமும் வாசலில் நிற்பார். தலையில் காதையும் மூடுகிற தொப்பி வேறு. பக்கத்தில் நின்று துணி மடித்த ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி. வேலை முடிந்தால் அவள் ஹாஸ்டல் வேனுக்கு ஓடுவாள், நான் பஸ்ஸுக்கு ஓடுவேன். வருஷக்கணக்காகப் பழகியும் தொப்பி இல்லாமல் அவளைப் பார்த்ததில்லை.

ஊரில் அவளைப் பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. "அன்னைக்கு ஒரு நாளாச்சும் காது நெறையப் போட்டுட்டு நிக்கணும் பாத்துக்க" என்றாள்.

கண் எரிய எரிய உட்கார்ந்து செய்தேன். இருந்ததிலேயே நல்ல கல் இரண்டு. அவள் கிளம்பும் நாளில் பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டுபோனேன். தலை வாரிப் பூ வைத்திருந்தாள். கொக்கியைக் காதில் வைத்தால் போகவில்லை. துளை தூர்ந்து, தழும்புதான் மிச்சம். பெரிய தோடுக்காரி நான், காது இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

"ஏம்புள்ள, ஒரு ஈக்குக் குச்சியாச்சும் சொருகி வெச்சிருக்கலாமில்ல?" என்றேன். கோபம் அவள்மேல் இல்லை.

"ரூமுக்குப் போனா கண்ண மூடத்தான் நேரம். காத யாரு நெனச்சா?" சிரித்துக்கொண்டே சொன்னவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தோடுகளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். "போட முடியாட்டி என்ன. கைக்குள்ள வச்சுக்கிட்டே நிக்கேன்."

கல்யாணமாகி ஊரிலேயே இருந்துவிட்டாள். போன் நம்பரும் மாறிப்போயிற்று. பெரியப்பாவின் காட்டில் இப்போது நூல் குடோன் நிற்கிறது. இடுப்பு வலி வந்து நானும் வேலையை விட்டாயிற்று. எதைத் தொட்டாலும் அலுப்பாக இருக்கிறது.

இன்று காலை அந்தக் கம்பியை வளைத்துப் பார்த்தேன். கொக்கி அழகாகவே வந்தது. கண்ணாடி முன்னால் நின்று, பழைய ஞாபகத்தில் காதுக்குக் கொண்டுபோனேன். கழற்றச் சொல்ல இப்போது வாசலில் யாருமில்லை. கொக்கி தோலில் முட்டி நின்றது. அதைக் கைக்குள் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன், அன்று ஜெசிந்தா நின்றிருப்பாளே, அப்படி.