சம்பத்தின் முழங்கை

படாளத்து ராஜேந்திரனைப் பழைய ஆட்களுக்குத் தெரியும். அடுத்தவர் கழனியில் நாற்றுக்கட்டு சுமந்தே முதுகு வளைந்த மனுஷன். தன் மகன் காலில் சேறு ஒட்டக்கூடாது என்று ஆண்டவரிடம் கேட்டார். ஆண்டவரும் கேட்டபடியே கொடுத்தார். மகன் ஜெபக்குமார் இருபத்தோரு வயசில், செங்கல்பட்டுக்கு வடக்கே ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டின ஒரு பிரஸ் கம்பெனிக்குள் காண்ட்ராக்ட் ஆளாக நுழைந்தான். கார்க் கதவுக்கு வேண்டிய தகட்டுத் துண்டுகளை அடித்து எடுக்கிற கம்பெனி. சேறு ஒட்டவில்லைதான். இருபத்திரண்டு வருஷம் ஆகியும் காண்ட்ராக்டும் விடவில்லை. காண்ட்ராக்டர் பேர் மட்டும் நாலு தடவை மாறியது.

ராஜேந்திரனுக்கு ஒரே தங்கச்சி, சந்திரம்மா. கடப்பாக்கத்தில் கொடுத்திருந்தது. அவள் மகள் பிரிசில்லாவைத்தான் ஜெபக்குமாருக்குக் கட்டினார்கள். பிரிசில்லாவுக்குப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த தம்பி ஜோயல். அத்தை மகன் என்கிற முறையும் மச்சான் என்கிற முறையும் ஒன்றாக முடிபோட்ட சொந்தம். கல்யாண விருந்தில் மாப்பிள்ளை மடியிலேயே தூங்கிப்போன பிள்ளை அவன். வளர்ந்ததும் கம்பெனிக்குள் கூட்டிப்போய் விட்டதும் ஜெபக்குமார்தான். கல்யாணம் கட்டி ஜோயலும் படாளத்திலேயே வாடகைக்கு வந்துவிட்டான். பஸ்ஸில் ஒரே சீட்டு. உள்ளே பக்கத்துப் பக்கத்து மெஷின்.

உள்ளே போனால் வாய்க்கு வேலை கிடையாது. இருபது பிரஸ் ஒரே கூரைக்குக் கீழே இறங்கி ஏறும்போது யார் பேச்சு யாருக்கு எடுபடும். எல்லாம் கைதான், புருவம்தான். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து உதட்டருகே கொண்டுபோனால் டீக்குப் போகலாம் வா என்று அர்த்தம். காலரைத் தொட்டால் சூப்பர்வைசர் கேசவன் வருகிறார். வயிற்றைத் தடவினால், கொஞ்சம் மெஷினைப் பார்த்துக்கோ. இப்படி எல்லாரும் ஊமை பாஷையில் குடித்தனம் நடத்துகிற இடத்தில் ஒருத்தன் காது போய்க்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியும்? ஜெபக்குமாருக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. முதலில் குருவி போயிற்று. அப்புறம் செல்போன் மணி. அப்புறம் பொம்பளைகள் பேச்சும் குழந்தைகள் பேச்சும். குரல் வரும், சொல் வராது. லாரி கேட்கும், இடி கேட்கும், பிரிசில்லா கேட்கமாட்டாள்.

காதில் செருகிக்கொள்ள, கயிற்றில் கோத்த பஞ்சு அடைப்பு கொடுப்பார்கள். மேலிடத்து ஆட்கள் பார்வையிட வருகிற அன்றைக்கு அது காதில் இருக்கும். மற்ற நாளில் கழுத்தில் தொங்கும். செருகினால் வேலை நடக்காது. தகடு ஒரு நூல் விலகினாலும் அடி விழுகிற சத்தம் மாறும். அதைப் பிடிக்கக் காது வேண்டும். பிடிக்காவிட்டால் பீஸ் வீண். பீஸ் வீணானால் கேசவன் வந்து நிற்பார்.

வருஷாவருஷம் ஆகஸ்ட் மாசம் காது பரிசோதனை வேன் வரும். அதற்குள் கண்ணாடி வைத்த ஒரு கூண்டு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார வேண்டும். வெளியே சம்பத் என்ற டெக்னீஷியன் பட்டனைத் தட்டுவார். காதில் பீப் என்று வந்ததும் நாம் கையில் இருக்கிற பட்டனை அமுக்க வேண்டும். அப்படியே கம்ப்யூட்டரில் கோடு விழும். காண்ட்ராக்ட் ஆளுக்கு அந்தக் கோடு சரிந்தால் அடுத்த வாரம் கேட்டில் பேர் இருக்காது. எந்தக் காகிதத்திலும் இப்படி எழுதியிருக்காது, ஆனால் தெரியாத ஆள் கிடையாது. அதனால் பழைய ஆட்கள் புது ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே இதுதான்: "காத வுடு, மொழங்கைய பாரு." சம்பத் பட்டனைத் தட்டும்போதெல்லாம் அவருடைய வலது முழங்கை லேசாக எழும்பும். எழும்பினால் அமுக்கு. அவ்வளவுதான் வித்தை. ஆறு வருஷம் ஜெபக்குமார் முழங்கையைப் பார்த்தே தேறினான். ஆறு ரிப்போர்ட்டிலும் ‘நார்மல்’.

கம்பெனியில் தேறினவனுக்கு வெளியேதான் நாள் ஓடவில்லை. சர்ச்சில் பாட்டு முடிந்த பிறகும் ஒரு அடி தனியாகப் பாடிவிட்டுத் தலை குனிவான். பிறகு பாடுவதையே விட்டான். நாலு பேர் சிரித்தால் கடைசியாகச் சிரிப்பான். பிறகு நாலு பேர் இருக்கிற இடத்துக்குப் போவதையே விட்டான். "பதில் சொன்னா வாய் தேஞ்சிடுமா?" என்று பிரிசில்லா அடுப்படியில் இருந்து கத்துவாள். அதுவும் அவனுக்கு எட்டாது. மனுஷன் கம்பெனிக்குப் போய்ப் போய் உம்மணாமூஞ்சி ஆகிவிட்டான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அவனும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். சிடுசிடுப்பவனை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

போன ஈஸ்டர் அன்றைக்கு ஆராதனை முடிந்து, சர்ச் வாசலில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். பின்னால் ஜோயல் வந்து நின்று, "மாமா, பாப்பாவுக்கு வர்ற ஞாயித்துக்கெழம கடப்பாக்கத்துல ஞானஸ்நானம் வெச்சிகீறோம். நீதான் ஞானத்தகப்பனா நிக்கணும்" என்றான். ஜெபக்குமாருக்கு எதுவும் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டான். ஜோயல் அங்கேயே நின்றான். பிள்ளைக்கு நிற்கச் சொல்லிக் கேட்டவனுக்கு வேண்டாம் என்றுகூடச் சொல்லாமல் முதுகைக் காட்டினால் அதைவிட என்ன இருக்கிறது? இரண்டாம் தடவை கேட்க அவனுக்கு மனசு வரவில்லை. ஞானஸ்நானத்துக்கு ஜெபக்குமார் புதுச் சட்டை போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். தன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று இருந்தவன், ஜோயலின் சிநேகிதன் எழுந்து பிள்ளையை வாங்கியதைப் பார்த்தான். சாப்பிடாமல் பஸ் ஏறினான். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. ஒரே பஸ்ஸில் வேறு வேறு சீட்டு.

ஜூன் மாசம் அது நடந்தது. தகட்டை உள்ளே இழுக்கிற உருளையில் ஜோயலின் கையுறை சிக்கியது. கையும் சேர்ந்து போயிற்று. மெஷினை நிறுத்துகிற சிவப்புப் பட்டன் இரண்டு மெஷினுக்கும் நடுவில், ஜெபக்குமார் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. அவன் முதுகைக் காட்டிக்கொண்டு பீஸ் அடுக்கிக்கொண்டிருந்தான். ஜோயல் நாலு தடவை "மாமா" என்று அலறினான். நாலு மெஷின் தள்ளி நின்றவனுக்குக் கேட்டு, அவன் ஓடி வந்து பட்டனை அடித்தான். ஜெபக்குமார் திரும்பியபோது தரையெல்லாம் ரத்தம். வலது கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மிஞ்சின.

விசாரணை என்று கேசவன் அறைக்குக் கூப்பிட்டார். மேசை மேல் ஆறு ரிப்போர்ட்டையும் விரித்து வைத்திருந்தார். "காது நார்மல்னு கீது. நாலு மெஷின் தள்ளி இருந்தவனுக்குக் கேட்டுது. பக்கத்துல இருந்த உனக்குக் கேக்கலையா, கேட்டும் திரும்பலையா?"

கேட்கவில்லை என்றால் வேலை போகும். கேட்டது என்றால் மச்சான் போவான். ஜெபக்குமார் சுவரைப் பார்த்துக்கொண்டு, "கவனிக்கல சார்" என்றான். கேசவன் அதை எழுதிக்கொண்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தால் பிரிசில்லா பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். தம்பியை ஆஸ்பத்திரியில் இருந்து கடப்பாக்கத்துக்கு, அம்மா வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள், இவளும் போகிறாள். நேரே அவன் முகத்துக்கு எதிரே வந்து நின்றாள். அதனால் ஒவ்வொரு சொல்லும் அவனுக்கு உதட்டில் தெரிந்தது. "பாப்பாவுக்கு நிக்க சொல்லி சர்ச் வாசல்ல உன்னாண்ட கேட்டான். மூஞ்ச திருப்பிக்கினு போன. போவட்டும், பெரிய மனுசன்னு வுட்டோம். கை போவும்போதும் திரும்பலயே. எங்கம்மா உங்கப்பாவுக்குக் கூடப் பொறந்தவதான?"

ஜோயல் தன்னைக் கேட்டிருக்கிறான் என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. வாயைத் திறந்தான். அதற்குள் அவள் பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கிவிட்டாள்.

அப்புறம் இரண்டு மாசம் ஜெபக்குமார் தனியாகச் சோறு பொங்கினான். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரியாமல் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து ஆவியைப் பார்த்து எண்ணினான். வீட்டு வெறுமைகூடப் பழகிவிட்டது. கம்பெனிதான் பழகவில்லை. அங்கே ஒருத்தரும் அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. கையைக் காட்டுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். டீ நேரத்தில் விரல்கள் உதட்டுக்குப் போகும், புருவங்கள் உயரும், எல்லாம் அவனைத் தாண்டி அடுத்த மெஷினுக்குப் போகும். அவன் தலை நிமிரும்போது எல்லாரும் போய்விட்டிருப்பார்கள். அவனுக்கு நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த பாஷை உலகத்தில் அது ஒன்றுதான்.

ஆகஸ்டில் வேன் வந்தது. கூண்டுக்குள் போய் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சம்பத் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முழங்கையைத் தூக்கினார். ஜெபக்குமார் கண்ணை மூடிக்கொண்டான்.

முதலில் கனமாக இரண்டு சத்தம் வந்தது. அமுக்கினான். இன்னொன்று வந்த மாதிரி இருந்தது, அமுக்கினான். அப்புறம் எதுவுமில்லை. மெஷினை நிறுத்திவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தான். கண்ணைத் திறக்க இமை துடித்தது, திறக்கவில்லை. எவ்வளவு நேரமோ. தோளைத் தொட்ட பிறகுதான் பார்த்தான். சம்பத் கதவைத் திறந்து, எதிரே குனிந்து நின்றார்.

"இன்னாண்ணே, தூங்கிட்டியா? கண்ண தொறந்து ஒக்காரு. மறுபடி போடறேன்."

"வேணாம் சார். இதான் என் காது."

சம்பத் சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டார். "யோவ், எனக்கு மொழங்கைல இன்னா காக்கா வலிப்பா? உங்களுக்காகத்தான தூக்கறேன். உன் சோத்துல நான் எதுக்கு மண்ணு போடணும்?"

ஜெபக்குமார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு வருஷமாகத் தான் திருடியதாக நினைத்தது, அவர் கொடுத்தது. நல்ல மனுஷன். "எனக்கு ஒரு காப்பி மட்டும் குடு சார்" என்றான்.

கோடு ஏரிக்கரை சரிவது போலக் கீழே போயிருந்தது. அடுத்த திங்கட்கிழமை கேட்டில் பேர் இல்லை. நஷ்டஈட்டுக்குப் போனபோது இ.எஸ்.ஐ. டாக்டர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆறு வருஷம் நார்மல், ஏழாவது வருஷம் திடீர்னு இவ்வளவா? இது வேலைனால வந்ததுன்னு நான் எப்படி எழுதறது?" சம்பத் இரக்கப்பட்டுத் தூக்கின முழங்கை அத்தனையும் வரிசையாக நின்று எதிர்சாட்சி சொல்லிற்று. ஜெபக்குமார் வாக்குவாதம் பண்ணவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். அது அவனுக்கு டாக்டரிடம் காட்டுவதற்கு வேண்டியிருக்கவில்லை.

மதுராந்தகத்தில் பஸ் மாறி, செய்யூர் வழியாகக் கடப்பாக்கம் போய் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. கல்யாணமான புதிதில் இங்கே தங்கும்போது அலைச் சத்தத்தில் தூக்கம் வராமல் அத்தையிடம் கேலி வாங்கியவன் அவன். இப்போது தூரத்தில் வெள்ளையாக எழும்பி உடைவது தெரிந்தது. உடைகிறபோது அடிவயிற்றில் தொம் என்று ஒன்று. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

வீட்டு வாசலில் சந்திரம்மா அரிவாள்மணையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அண்ணன் மகனை நிமிர்ந்து பார்த்தாள். எதிரே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். பிரிசில்லா ஜோயலின் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். ஜோயல் உள்ளேயிருந்து வந்தான். ஜெபக்குமார் காகிதத்தை நீட்டினான். ஜோயல் இடது கையால் வாங்கிப் பார்த்தான்.

"எனக்குக் காது கேக்காது ஜோயலு" என்றான் ஜெபக்குமார். "ஆறேழு வருசமாவே இல்ல. சர்ச்சு வாசல்லயும் கேக்கல. அன்னிக்கும் கேக்கல."

ஜோயல் எதிரே நின்று பேசினான், தெரிந்தது. "பேப்பர்ல எப்டி வோணா கோடு போடலாம் மாமா. ஆறு பேப்பர்ல நார்மல்னு கீது, இது ஒண்ணுல இல்லன்னு கீது. நான் எத நம்பறது?"

ஜெபக்குமார் நாற்காலியில் உட்கார்ந்தான். தலையைக் கவிழ்த்துக்கொண்டான். ஜோயல் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் நடந்தான். போய்விட்டான் என்றுதான் ஜெபக்குமார் நினைத்தான்.

அப்போது சந்திரம்மாவின் கை மீன்மேல் அப்படியே நின்றது. அவள் கண் அவன் தலைக்கு மேலே போயிற்று. கதவோரத்தில் பிள்ளை திடுக்கிட்டு வாயைப் பிளந்தது. பிரிசில்லா அதன் தலையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். ஜெபக்குமாருக்குப் புரிந்துவிட்டது. பின்னால் நின்று கூப்பிடுகிறான். பலமாகக் கூப்பிடுகிறான்.

அடுத்தவர் முகத்தைப் பார்த்துத் திரும்பியே பழகின கழுத்து, திரும்பு திரும்பு என்று இழுத்தது. திரும்பினால் கேட்டுத்தான் திரும்பினான் என்பான். அத்தையின் முகத்தையும் பார்க்காமல் இருக்க வேண்டும் போலிருந்தது. கண்ணை மூடிக்கொண்டான். வேன் கூண்டில் இருந்த அதே இருட்டு. நாற்காலிக் கால் வழியாகக் கடல் தொம் என்றது. இன்னொரு தடவை தொம் என்றது. மெல்லிசாக எதுவோ, குருவி மாதிரி, வந்ததா இல்லையா தெரியவில்லை. அமுக்குவதற்குக் கையில் பட்டன் இல்லை.

தோளில் ஒரு கை விழுந்த பிறகுதான் கண்ணைத் திறந்தான். அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிரிசில்லா கதவோரத்தில் இல்லை, உள்ளே போய்விட்டிருந்தாள். ஜோயல் முன்பக்கம் வந்து நின்றான். நாலு தடவை கூப்பிட்டானோ, நாற்பது தடவையோ, தொண்டை நரம்பு புடைத்திருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். பாதியில் நிறுத்திக்கொண்டு, கட்டுப் போட்டிருந்த வலது கையைத் தூக்கி, மிஞ்சின இரண்டு விரலையும் உதட்டருகே கொண்டுபோனான்.

ஜெபக்குமார் எழுந்து அவன் பின்னால் டீக்கடைக்கு நடந்தான். வழி நெடுக ஜோயல் ஒரு அடி முன்னாலேயே, முகம் தெரிகிற மாதிரி, பக்கவாட்டில் திரும்பித் திரும்பி நடந்துகொண்டிருந்தான்.