இடக்கண்ணால் ஒரு கிழமை

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, எந்தக் கோளாறும் இல்லாத என் இடது கண்ணை ஒரு கிழமை, ஏழு நாள் முழுக்க, பார்வையில்லாமல் வைத்திருந்தேன்.

காரணம் சித்தி. அம்மாவின் ஒரே தங்கை. மருத்துவம் படிக்கக் கொழும்புக்கு வந்த நாள் முதல் வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டில்தான் இருந்தார். நான் பிறக்க முன்பே அங்கே இருந்தபடியால், வீடு என்றால் அதில் ஒரு சித்தியும் இருப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் மேற்படிப்புக்கு எடுத்தது குழந்தைகளின் கண்கள். பரீட்சைக்கு முன் பழகிப் பார்க்க அவருக்கு வீட்டில் கிடைத்தவை என் கண்கள். வீடு, அப்பிள், வட்டம், சதுரம் என்று படங்கள் வரிவரியாகச் சிறுத்துக்கொண்டு போகும் அட்டையை, எழுத்துப் படிக்கும் முன்பே நான் வாசித்திருக்கிறேன். அவர் விரலில் மாட்டிய துணிக்குருவி எங்கே போனாலும் என் கண்ணும் போகும். சொட்டு மருந்து விட்டால் மட்டும் அழுவேன். அதற்கு இனிப்பாக ஒரு ரொபி கிடைக்கும்.

சனிக்கிழமைகளில் பாலர் பாடசாலைகளுக்குப் போய்ப் பிள்ளைகளின் கண்களைப் பார்ப்பார். ஒரு கண் மங்கிய பிள்ளைக்கு அது மங்கல் என்றே தெரியாதாம். உலகம் இப்படித்தான் என்று இருந்துவிடுமாம். சின்ன வயதிலேயே கண்டுபிடித்து, நல்ல கண்ணைப் பிளாஸ்டரால் மறைத்து, சோம்பிக் கிடக்கும் கண்ணிடம் வேலை வாங்கினால் பார்வை திரும்ப வாய்ப்புண்டு. ஆனால் பிள்ளைகள் பிளாஸ்டரைப் பிய்த்து எறிந்துவிடுகிறார்கள். பிய்க்காமல் வைத்திருக்க என்ன செய்யலாம் என்பதுதான் சித்தியின் ஆராய்ச்சி. சோற்றைப் பிசைந்தபடியும் அதையே கதைப்பார்.

அந்த ஆராய்ச்சியைத் தொடர லண்டனில் இருந்து அழைப்பு வந்தது. இரண்டு வருடம். அப்பா சொந்தக்காரர் எல்லோருக்கும் தொலைபேசியில் சொன்னார். அம்மா பெரிய பயணப்பெட்டி வாங்கி வந்தார். என் கட்டிலுக்கும் சித்தியின் கட்டிலுக்கும் நடுவில் அது திறந்தபடி கிடந்தது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நிரம்பியது. கண் வருத்தக்காரி ஒருத்தி வீட்டிலேயே இருந்தால் கண் டொக்டர் எப்படிப் போவார் என்று யோசித்தேன். பயணத்துக்கு மூன்று நாள் இருக்கையில், காலைச் சாப்பாட்டு நேரத்தில் அறிவித்தேன்.

“அம்மா, எனக்கு இந்தக் கண் தெரியேல்லை.”

அம்மா கையிலிருந்த இடியப்பத் தட்டை அப்படியே மேசையில் போட்டார். “என்னடி சொல்லுறாய்? எப்ப இருந்து?”

“நேற்று.”

சித்தி பதறவில்லை. என்னை ஜன்னலடியில் இருத்தி, வலது கண்ணை மூடி, அட்டையைக் காட்டினார். எல்லாவற்றிலும் பெரிய வீட்டுப் படம்கூடத் தெரியவில்லை என்றேன். பிறகு அம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடியை என் இடது கண்ணுக்கு நேரே பிடித்து, மெல்ல அங்கும் இங்கும் அசைத்தார்.

“ஏதும் தெரியுதோ?”

“இல்லை.”

பார்வையுள்ள கண், அசையும் கண்ணாடியில் தன் உருவத்தின் பின்னால் போகாமல் இருக்க முடியாது என்பதை வளர்ந்த பிறகுதான் அறிந்தேன். சித்தி கண்ணாடியை வைத்துவிட்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அம்மாவை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். அம்மா வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. ஆனால் பதற்றம் போயிருந்தது. எனக்குச் சற்று ஏமாற்றம். மகளின் கண் போனதற்கு ஒரு தாய் இன்னும் கொஞ்சம் பதறலாம் என்று பட்டது.

“பிளேன் ரிக்கற்றை ஒரு கிழமை தள்ளிப்போடுறன்,” என்றார் சித்தி. “வலது கண்ணை மறைச்சு இடது கண்ணுக்கு வேலை குடுப்பம். பின்னேரம் ஒரு மணித்தியாலம் போதும்.”

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். பிளாஸ்டர் ஒட்டிய பிறகுதான் கஷ்டம் விளங்கியது. வலது கண் மறைந்திருக்கிறது, திறந்திருப்பதோ ‘தெரியாத’ இடது கண். ஆகவே எனக்கு ஒன்றுமே தெரியக்கூடாது. கதவில் முட்டினேன். கதிரையைத் தடவித் தேடினேன். சித்தி சிரிக்காமல் கையைப் பிடித்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போவார்.

“தண்டவாளம் வருது, காலைத் தூக்கு. இப்ப கல்லு. இதில இரு.”

பக்கத்தில் அமர்ந்து கடலை எனக்குச் சொல்வார். தண்டவாளத்தில் தெஹிவளைப் பக்கம் கோச்சி போகிறது, வாசலில் ஆட்கள் தொங்குகிறார்கள், சூரியன் பாதி இறங்கிவிட்டது, தண்ணீர் செம்பு நிறம். அவர் கடலைச் சொல்லிக்கொண்டிருக்க, நான் அவரையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவு நேரம் அவர் முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனோம். அங்கே ஒரு பாலர் பாடசாலையில் தான் பார்த்துவந்த பிள்ளைகளைச் சித்தி இன்னொரு டொக்டரிடம் ஒப்படைக்கவேண்டியிருந்தது. அன்று எனக்கு அங்கேதான் பிளாஸ்டர் ஒட்டினார். ஐந்து வயது மதிக்கத்தக்க ஒருவனைத் தாய் இழுத்து வந்தார். அவன் தகப்பனுக்குத் துறைமுகத்தில் வேலை.

“ஒரு நிமிஷம்கூட வைக்கிறான் இல்ல டொக்டர். பிச்சுப் பிச்சு எறியுறான்.”

சித்தி தரையில் அமர்ந்து அவனுடைய நல்ல கண்ணை மறைத்தார். மணிகளையும் நூலையும் முன்னால் வைத்தார். அவன் பாயில் முகம் முட்டுமளவு குனிந்தான். மணிக்குப் பக்கத்தில் இருந்த வெறும் பாயைக் கிள்ளினான். பிறகு எழுந்து, சுவரோரம் நின்றவர்களிடம் நடந்துபோய், ஒரு சேலையைக் கட்டிப்பிடித்து அதில் முகத்தைப் புதைத்தான். அது ஆசிரியையின் சேலை. இரண்டடி தள்ளி நின்ற அவனுடைய தாய் வாயைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பினார்.

அவன் எதிலும் முட்டவில்லை, எதையும் தடவவில்லை. நான் நடித்தது எதுவும் அவனிடம் இல்லை. என் பிளாஸ்டர் எரிவதுபோல் இருந்தது. பிய்த்துக் கைக்குள் கசக்கினேன்.

திரும்பும் பஸ்ஸில் சொன்னேன். “சித்தி, எனக்கு இப்ப தெரியுது.”

“ரெண்டு கண்ணும்?”

“ஓம்.”

“சரி,” என்றார். வெள்ளவத்தை வரும்வரை என் தலையைத் தன் தோளில் சாய்த்து வைத்திருந்தார்.

இரண்டு நாளில் போய்விட்டார். விமான நிலையத்தில் எல்லோரையும் கட்டிக்கொண்டார். உள்ளே நடந்தவர் திரும்பிப் பார்க்கவில்லை. என் பொய் தெரிந்த கோபத்தில்தான் என்று நெடுநாள் நம்பினேன்.

இரண்டு வருடம் நீண்டுகொண்டே போனது. அங்குள்ள பிள்ளைகள் அவருடைய பிள்ளைகள் ஆனார்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை வருவார். வந்த வேகத்தில் போவார். போன வருடம் அப்படி அவரை அனுப்பிவிட்டு வந்து, அம்மாவும் நானும் அவருடைய படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தோம். நான் அந்தப் பழைய கண் கதையை எடுத்தேன்.

“அண்டைக்கு நான் உனக்கு ரெண்டு போடத்தான் எழும்பினனான்,” என்றார் அம்மா. “அவள் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதவள். ‘அவளை அடிக்காதேங்கோ அக்கா, போகாமல் இருக்க நானும் ஒரு மாதமா ஒரு சாட்டுப்போக்குத் தேடுறன்’ எண்டு.”

விரிப்பின் மறுமுனையைப் பிடித்தபடி நின்றேன். அந்தக் கிழமையை நான் சித்தியிடமிருந்து பறித்ததாகவே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். போகிறவர்கள் எல்லோரும் போக விரும்பித்தான் போகிறார்கள் என்று எட்டு வயதில் நம்பியிருந்தேன்.