ஒன்றாம் எண்ணில் இருந்த பாட்டு

பிள்ளைகளா, உங்களுக்கு நினைவு தெரியாத வயதில் நடந்தது இது. அப்போது நான் மலைமேல், எங்கள் பக்கம் நாடு என்று சொல்லும் ஊர்களில் ஒன்றான வாழவந்தி நாட்டில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே மைக்செட் கடை வைத்திருந்தேன். கேசட்டுகள் ஓரம் போய், கம்ப்யூட்டரில் பாட்டு ஏற்றி வைக்கும் காலம் வந்திருந்தது. நானும் நாமக்கல்லில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தேன். எட்டாவது வரை படித்தவன். அதைப் பழகவே ஆறு மாதம் ஆனது.

கல்யாணம், காதுகுத்து, கோயில், துக்கம் என்று விசேஷத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டிருந்தேன். ஒவ்வொன்றிலும் முதலில் போடவேண்டிய பாட்டுக்கு ‘01’ என்று மட்டும் பெயர். மற்றவற்றுக்கு அந்தந்தப் பாட்டின் முதல் வரி. நல்ல விசேஷம் எதுவானாலும் முதலில் பிள்ளையார் பாட்டுத்தான், அதனால் 01 என்றால் பிள்ளையார். துக்க வீட்டில் அதைப் போடமாட்டோம். அங்கே 01 வேறு.

அது தேவனூர் நாட்டில் மிளகும் மரவள்ளியும் வைத்திருந்த ஒரு அண்ணனின் மனைவி பாடியது. அவர்கள் வீட்டுக் காதுகுத்தில் அந்த அக்கா மைக்கை வாங்கி, களையெடுக்கும்போது பாடும் பாட்டு ஒன்றைப் பாடினார். நான் அதைக் கேசட்டில் பதிந்து கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அடுத்த வருடம் அவர் காய்ச்சலில் இறந்துபோனார். துக்க வீட்டில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டப் போன என்னிடம் அண்ணன், “வேற பாட்டு வேண்டாந் தம்பி. அவளே பாடட்டும்” என்றார். அன்றிலிருந்து அதைத் துக்க ஃபோல்டரில் 01 ஆக வைத்தேன். முதல் பதிவு இருந்த கேசட்டில் அதற்குள் வேறொரு கோயில் விசேஷத்தைப் பதிந்துவிட்டிருந்தேன். அந்தக் குரல் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது.

சில மாதம் கழித்து ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. புதிது ஒன்று வாங்கி மாட்டினேன். ஒரே பாட்டு மூன்று ஃபோல்டரில் இடத்தை அடைக்கிறதே, எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். துக்கப் பாட்டில் வேலையை முடிக்க மனம் வரவில்லை. அதை முதலில் நகர்த்திவிட்டு நல்லதில் முடிப்போம் என்று, கல்யாணப் பாட்டுகளைக் கடைசிக்கு வைத்தேன். நடுவில் கம்ப்யூட்டர், இதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, மாற்றட்டுமா என்று கேட்டது. 01 தானே, பிள்ளையார்தானே என்று ‘எல்லாவற்றுக்கும் ஆம்’ என்பதை அழுத்தினேன்.

அதன்பிறகு எந்தப் பாட்டும் பாடவில்லை. விசேஷத்துக்கு ஒன்றாக நான் வரிசைப்படுத்தி வைத்திருந்த பட்டியல்கள் பாட்டைப் பழைய டிஸ்க்கிலேயே தேடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பட்டியலையும் நோட்பேடில் திறந்து, பழைய இடத்தை எடுத்துவிட்டுப் புதிய இடத்தை எழுதினேன். இரண்டு நாள் பிடித்தது. ஒவ்வொரு பட்டியலிலும் ஏதோ ஒரு பாட்டைத் தட்டிப் பார்த்தேன், பாடியதும் பெருமையாக இருந்தது.

அந்த வாரமே தேவனூர் அண்ணன் கடைக்கு வந்தார்.

“ஏனுங் தம்பி, அடுத்த வெள்ளிக்கெழம அவளுக்கு வருசம் வருது. ஒருக்கா போடுங்க, கேட்டுட்டுப் போறேன்.”

துக்கப் பட்டியலில் 01-ஐ அழுத்தினேன். பிள்ளையார் பாட்டு வந்தது.

அண்ணன் சிரித்தார். “அவளப் பாடச் சொன்னா பிள்ளையாரு வந்து நிக்கறாரு?”

முதலில் நகர்த்திய துக்கத்தின் 01 மேல் கல்யாணத்தின் 01 ஏறி, அதை அழித்துவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது. “பொட்டி கோளாறுங்கண்ணா. சரி பண்ணிப்போடறேன்” என்று பொய் சொன்னேன். அவர் நம்பிக்கையோடு பஸ் ஏறினார்.

உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள், “பொட்டி மேல பழியா? அது ஒரு வார்த்த கேட்டுத்தானுங்க அழிச்சுது” என்றாள்.

மறுநாள் பழைய டிஸ்க்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு நாமக்கல் போனேன். கம்ப்யூட்டர் கடைக்காரர் கேட்டார்: “நகத்துன பொறவு இதுல வேற எதையாச்சும் ஏத்துனீங்களா?”

“இல்லீங்க. கழட்டி வெச்சுட்டேன்.”

“அப்பக் கொஞ்சம் வாய்ப்பிருக்குதுங்க, நகத்துனாலும் இதுல மிச்சம் கெடக்கும். ஆனா டிஸ்க்கு சாகற நெலம. பேரு ஒண்ணுமே வராது.”

சொன்னபடியே, மீண்டு வந்த ஆயிரத்துச் சொச்சம் பாட்டுகளுக்கும் வெறும் எண்கள்தான் பெயராக இருந்தன. என் கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். சிலது பாடின, சிலது வெறும் இரைச்சல். உங்களில் ஒருவரை மடியில் போட்டுக்கொண்டு அம்மாவும் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் நான் ஒன்றைத் திறந்து, உடனே அடுத்ததற்குப் போனபோது என் கையைப் பிடித்தாள்.

“இருங்க, இருங்க. தொண்டையக் கனைச்சாங்களே, அது அந்த அக்கா.”

அவர்தான். பாட்டு ஆரம்பித்து நன்றாகவே போனது. பாதியில், ஒரு சொல்லின் நடுவில், காதைக் கிழிக்கும் கரகரப்பு வந்தது. கடைசி வரை அதுதான். எத்தனை முறை போட்டாலும் அதே இடம்.

வியாழக்கிழமை தேவனூருக்குப் போய் உண்மையைச் சொன்னேன். பொட்டி கோளாறு இல்லை, நான் பார்க்காமல் அழித்தது என்றேன். அண்ணன் சரிந்திருந்த மிளகுக்கொடியை எடுத்து மரத்தோடு கட்டினார். திட்டியிருந்தால் தேவலை.

“முழுசா வராதுங்களா?”

“வராதுங்கண்ணா.”

“அந்தக் கரகரப்பு அவ சத்தமில்ல. அது வாரதுக்குள்ள நிறுத்திப்போடுங்க.”

வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டுப் பலாமரத்தில் குழாய் கட்டினேன். படையல் போட்டதும் பாட்டை ஓடவிட்டு, விநாடிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சொல் வருவதற்கு முன்னால் சத்தத்தைக் குறைத்துக் குறைத்து நிறுத்தினேன். அண்ணன் தலை நிமிராமல், “இன்னொருக்கா போடுங்க தம்பி” என்றார்.

போட்டேன். மறுபடியும் கேட்டார். அன்றைக்கு எத்தனை முறை அந்த அக்கா தொண்டையைக் கனைத்துப் பாட ஆரம்பித்தார் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் அவரைப் பாதியில் நிறுத்தியது என் கைதான்.