வரக்கூடும்

சலவை இயந்திரக் கம்பெனி ஒன்றின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்த அவளுக்கு ஆபீசில் 'பொறுமை' என்று பெயர். எதிர்முனையில் யார் எவ்வளவு திட்டினாலும் "உங்க சிரமம் புரியுது சார்" என்பாள். பெற்ற தாயே போன் செய்தபோதும் ஒருமுறை அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்.

இந்தப் பொறுமைக்குப் பாட்டு எழுத ஆசை வந்தது. ஆசை வந்தால் முதலில் ஒரு வகுப்பில் சேர வேண்டும் என்பது இந்தக் காலத்து நியதி. கணினித் திரையில் நடந்த அந்த வகுப்பில், தாடியும் சால்வையுமாக ஒருவர் வந்து "மனசைத் திறங்க" என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். கடைசி வாரம் இன்னும் அகலமாகத் திறக்கச் சொல்லிவிட்டு, 'பாடலாசிரியார்' என்று அச்சடித்த சான்றிதழை அனுப்பி வைத்தார். அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். அந்தக் கூடுதல் காலை அவர்தான் முதலில் கண்டுபிடித்தார்.

"ஒரு கால் அதிகமா இருந்தா என்ன? மரியாதைதானே" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் தொலைக்காட்சியைப் பார்த்தார்.

தொழிலை உண்மையில் கற்றுக்கொடுத்தவர் மெட்டுக்காரர். கார் நிறுத்தும் கொட்டகையின் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, அதற்கு ஒலிப்பதிவுக் கூடம் என்று பெயர் வைத்திருந்தவர். விளம்பரங்களுக்கும் தேர்தல் வேன்களுக்கும் மெட்டுப் போடுவார். ஒரு காதல் மெட்டைத் 'தானே தன்னானே' என்று முனகி அனுப்பினார். அவள் இரவும் பகலும் மல்லுக்கட்டி, 'வருவேன் என்றொரு சொல்' என்று தொடங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"பாடறவங்க அந்த எடத்துல நீட்டணும்மா. 'சொல்'லுல எதை நீட்டறது? ல்ல்ல்னு நீட்டினா கொசு கத்தற மாதிரி இருக்கும்."

"மனசைத் திறந்து எழுதினேன் சார்."

"மனசை மூடுங்க. வாயைத் திறந்து முடியற மாதிரி வார்த்தை குடுங்க. ஆ, ஏ, ஓ. அவ்வளவுதான் தொழில்."

சால்வைக்காரரிடம் கற்காத வித்தை அரை நிமிடத்தில் கிடைத்துவிட்டது. 'வருவேன் என்றாயே நீயே, வாசல் பார்த்தேனே நானே' என்று மாற்றினாள். மெட்டுக்காரர் கண்ணை மூடித் தலையாட்டினார். பாட்டு வெளிவரவில்லை. படம் தயாரிக்க வந்தவர், கதாநாயகியைத் திருமணம் செய்துகொண்டு காதல் பாட்டுத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்.

பாட்டு சும்மா கிடப்பது எப்படியோ மேலாளர் காதுக்குப் போயிற்று. போனில் காத்திருப்பவர்களுக்குப் போட கம்பெனி ஒரு பாட்டைத் தேடிக்கொண்டிருந்தது.

"நம்ம ஆளே எழுதினா பெருமைதானே?" என்றார் மேலாளர். ஊழியர் எழுதினால் உரிமை கம்பெனிக்கே என்பதைப் பெருமைக்குப் பிறகு சொன்னார். பிறகு வரிகளைப் படித்தார். முகம் கோணியது.

"என்னம்மா இது? 'வருவேன் என்றாயே'வா? மெக்கானிக் வரலன்னு தினமும் கஸ்டமர் திட்டறதே இதைத்தானே!"

அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. நாளெல்லாம் காதில் விழுந்ததைத்தான் இரவில் காதல் என்று நினைத்து எழுதியிருக்கிறாள்.

உடனே 'வருவோமே கண்ணே, வாசல் தேடி வருவோமே' என்று திருப்பிப் போட்டாள். 'கண்ணே' இருந்த இடத்தில் 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே' வர வேண்டும் என்றார் மேலாளர். மூன்றெழுத்து இடத்தில் ஒரு ரயிலை நிறுத்த முடியாது என்று அவள் போராடி 'அன்பரே'வுக்கு இறக்கினாள். அதோடு விட்டார்களா? சட்டப் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். வாழ்நாளில் எதற்கும் தலையாட்டியிராத கழுத்து அவருக்கு.

"'வருவோம்'னா உறுதிமொழி. நாளைக்கு எவனாவது கேஸ் போடுவான். 'வரக்கூடும்'னு மாத்துங்க."

"சார், அது பாட்டு."

"பாட்டா இருந்தாலும் வாக்கு வாக்குதான்."

ஆக, 'வரக்கூடும் அன்பரே, நாங்கள் வரக்கூடும்' என்ற அமர காவியம் பிறந்தது. மெட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டுத் தன் பெயரை எங்கும் போட வேண்டாம் என்றார். யாரும் போடுவதாக இல்லை.

மனைவியின் பாட்டைக் கேட்க ஆசைப்பட்டு, கணவர் கடையிலிருந்தே கம்பெனிக்குப் போன் செய்தார். வருடம் முழுக்க எல்லோரையும் காக்க வைத்தே பழகிய கம்பெனி, அன்றைக்கென்று பார்த்து உடனே எடுத்துவிட்டது. இயந்திரமே இல்லாத வீட்டுக்கு என்ன புகார் சொல்வது என்று தெரியாமல் மனிதர் மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டார்.

மற்றவர்களுக்கு அந்தக் குறை இல்லை. ஊரே கேட்டது. ஊரே திட்டியது. அந்தப் புகார்களையும் அவளே 'பிற' என்ற தலைப்பின் கீழ்த் தட்டச்சு செய்தாள். ஒருநாள் ஒரு பெரியவர், தண்ணீர் வடியாத இயந்திரத்தோடு மூன்றாவது முறையாகக் கூப்பிட்டார்.

"அதென்னம்மா 'வரக்கூடும்'? எங்க பேத்தி இப்ப எது கேட்டாலும் 'செய்யக்கூடும்'ங்கறா. எவன் எழுதினது?"

"உங்க சிரமம் புரியுது சார்" என்று தொடங்கியவள், ஏனோ அன்று அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. "நான்தான் சார் எழுதினேன். முதல்ல 'வருவோமே'ன்னுதான் இருந்துச்சு."

பெரியவர், இயந்திரக் கோபம் இன்னும் ஆறாத கரகரத்த குரலில், 'வருவோமே' என்று போட்டு முதல் வரியை மெல்லப் பாடிப் பார்த்தார்.

"அதுதாம்மா சரியா உட்காருது. ஏன் மாத்தின?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வார்த்தை உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்த முதல் ரசிகர். மெட்டின் வரலாறு, சட்டப் பிரிவின் கழுத்து எல்லாவற்றையும் கொட்டினாள். பெரியவரும் ஊம் கொட்டிக் கேட்டார். கடைசியில் மெக்கானிக்கை மறுநாளே அனுப்பவும் செய்தாள். அழைப்புகள் பதிவாகும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. கம்பெனி ரகசியத்தை வெளியிட்டதற்காக மேலாளர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். அந்தப் பாட்டை எழுதியது அவள்தான் என்று கம்பெனி எழுத்தில் ஒப்புக்கொண்ட ஒரே இடம் அதுதான்.

சில மாதங்களில் மெட்டுக்காரர் கூப்பிட்டார். லிஃப்ட் கம்பெனி ஒன்று, லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்குப் போட ஒரு பாட்டுக் கேட்கிறதாம்.

"காக்க வைக்கற பாட்டுக்கு உங்களை விட்டா ஆள் இல்லன்னு சொல்றாங்கம்மா."

"அவங்க வக்கீலை முதல்ல என்கிட்ட பேசச் சொல்லுங்க சார்" என்றாள் பொறுமை. "'திறக்கும்'னு எழுதலாமான்னு கேட்டுக்கறேன். அப்புறம் மெட்டை அனுப்புங்க."