கொழும்பு வரை கேட்ட அம்மாவின் சத்தம்

இன்று டிக்கோயா பஸ்ஸில் தங்கையோடு போன் பேசி முடித்தேன். முன் சீட்டிலிருந்த பெரியவர் திரும்பினார்.

"நீங்க ஹட்டன் டெலிபோன் அம்மாவோட மகளா? அதே குரலா இருக்கே!"

எழுபது, எண்பதுகளில் அம்மா ஹட்டன் தபால் கந்தோரில் டெலிபோன் ஆபரேட்டர். அவர் இறந்து மூன்று வருடமாகிறது. "ஆமாங்க" என்றேன்.

அந்தக் காலத்தில் பெரியவருக்குக் கொழும்பில் கடை வேலை. மனைவியைப் பிரசவத்துக்கு டிக்கோயா ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஹட்டனிலிருந்து மாமனார் கடைக்குப் போன் எடுத்திருக்கிறார்.

"லைன் சரியில்ல, மாமா பேசுறது ஒண்ணுமே வெளங்கல. பயந்து அழுதுட்டேன். நடுவுல உங்கம்மா வந்து, 'தம்பி, பொம்பளப் புள்ள! தாயும் புள்ளயும் சொகம்! அழுகைய நிப்பாட்டிட்டு ரயில புடிங்க!'ன்னு சத்தம் போட்டாங்க. கடையில எல்லாரும் கைதட்டுனாங்க."

அவர் பக்கத்தில் இருந்த பெண் சிரித்தார்.

"அந்தப் புள்ள நான்தாங்க. இப்ப வட்டவளையில டீச்சரா இருக்கேன்."

இறங்கும்வரை மூவரும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

வீட்டில் அம்மா எங்களை ஒருநாளும் அதட்டியதில்லை. கடைசி வரை மெல்லத்தான் பேசினார். சத்தத்தை எல்லாம் ஊராருக்கே கொடுத்துவிட்டார் போலிருக்கிறது.

இதைப் படிக்கும் உங்களில் வேறு யாரிடமெல்லாம் அம்மா இப்படிக் கத்தியிருக்கிறார்? சொல்லுங்கள்.