கொயினா விட்டுச்சென்ற இரைச்சல்

மூன்றாம் வேளை மாத்திரைக்குப் பின் என் காதுக்குள் சில்வண்டு போல ஏதோ கத்தத் தொடங்கியது. கல்லூரி விடுமுறைக்கு வந்தவள், மலைமேல் உள்ள பைல் நாட்டில், வன அலுவலக எழுத்தரான தந்தையின் குடியிருப்பில் மலைக்காய்ச்சலோடு கிடந்தேன். மாத்திரை கொயினா (மலைக்காய்ச்சலுக்கான கசப்பு மருந்து).

மருந்து கொடுத்த கம்பவுண்டரிடம் சொன்னேன்.

"காது இரையுதுங்களா? அப்ப மருந்து புடிச்சிருச்சுங்க!"

மலையில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். இரைச்சல் வராதவர்களுக்கு அவர் அளவைக் கூட்டுவார், வந்தவர்களை வாழ்த்துவார். மூன்று முறை முறையிட்டேன். மூன்று முறையும் வாழ்த்தப்பட்டேன். காய்ச்சல் போயிற்று. இரைச்சல் போகவில்லை. அந்த வாழ்த்துகளை நான் மன்னிக்கவில்லை.

வீட்டில் பூண்டு காய்ச்சிய எண்ணெயைக் காதில் விட்டார்கள். தோல் வெந்ததுதான் மிச்சம். சேலத்து மருத்துவர் வெந்நீர் பீச்சி அழுக்கெடுத்தார். இசைக்கவையை (தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் இரும்புக் கவை) காதருகே பிடித்துப் பார்த்தார். செவிநரம்பு பழுது, மருந்தில்லை என்று தந்தையிடம் சொன்னார். என் பக்கம் திரும்பவேயில்லை. "படிப்பை நிறுத்திப் பாருங்கள். மனம் அடங்கினால் காதும் அடங்கும்."

தந்தைக்கு அது போதுமானதாக இருந்தது. "காலேஜு வேண்டாங் கண்ணு. காது கேக்காம அங்க போயி என்ன பண்ணுவே?"

"காது கேக்குதுங்கப்பா. வேண்டாததும் சேந்து கேக்குது, அவ்வளவுதான்."

கல்லூரி திறக்க ஒரு மாதம் இருந்தது. அதற்குள், ஒருவர் ஒரு மணி நேரம் பேசுவதைக் கேட்டு மனத்தில் வாங்க முடியும் என்று நான் நிரூபித்தாக வேண்டும்.

மிளகு பறிக்க வரும் பொன்னாயிக்கு முப்பது வயதிருக்கும். வாய்க்காலோரம் காதுகளைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"உனக்குமா சாமி? எனக்கு ஆறு வருசமா இரையுது."

"யாருகிட்டயும் சொல்லலீங்களா?"

"சொன்னா நல்லதுங்கறாங்க. நல்லத எப்புடிக் கொற சொல்றது?"

மூங்கில் குழாயிலிருந்து கல்தொட்டியில் நீர் விழும் இடத்தைக் காட்டினாள். அருகே உட்கார்ந்தால் இரைச்சல் முழுதாக மறைந்தது. எழுந்து நடந்ததும் இரட்டிப்பாகத் திரும்பியது. பத்தடி தள்ளி உட்கார்ந்தேன். அங்கே நீரும் கேட்டது, இரைச்சலும் கேட்டது. அந்த இடத்தில் மட்டும் என்னால் வேறொன்றைக் கவனிக்க முடிந்தது. காது இரையும் உங்களுக்குச் சொல்ல என்னிடம் உள்ளது இவ்வளவே: இரைச்சலை இன்னோர் ஒலியால் மூழ்கடிக்காதீர்கள், இரண்டும் சேர்ந்து கேட்கும்படி வையுங்கள்.

தினமும் அங்கே உட்கார்ந்து பிறர் பேச்சைக் கவனிக்கப் பழகினேன். நான்காம் வாரம், வீட்டுக்குள் உட்கார்ந்து, செய்தித்தாளை ஒரு மணி நேரம் வாசிக்கும்படி தந்தையைக் கேட்டேன். பிறகு தலைப்புகள் முதல் விளம்பரங்கள் வரை வரிசை மாறாமல் திருப்பிச் சொன்னேன்.

"போதுங் கண்ணு," என்றார், செய்தித்தாளை மடித்தபடி. "பொட்டியக் கட்டு."

இரைச்சலோடு நட்பாகிவிடு என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். அது எதிரிதான், எதிரியோடு ஒரே வீட்டில் குடியிருக்கிறேன். கல்லூரி விடுதியில், என் கட்டிலருகே நான் தொங்கவிட்ட ஊசித்துளையிட்ட மண்கலயத்திலிருந்து தாம்பாளத்தில் நீர் சொட்டுகிறது. பக்கத்துக் கட்டில்காரி முணுமுணுக்கிறாள். அந்த முணுமுணுப்பும் உதவுகிறது.

முன்பு நிசப்தம் வந்ததும் நாள் முடிந்ததென்று உடல் அறியும். இப்போது நாளை நானே முடித்து வைக்க வேண்டியிருக்கிறது. புத்தகத்தை மூடுகிறேன், முடிந்தது என்கிறேன். காது ஒப்புவதில்லை. அது ஒப்பும்வரை நான் காத்திருப்பதுமில்லை.